நோவு முற்றும் வரை: இந்தியப் பேறுகால வரலாற்றில் முதல் தாமதம்

மகப்பேற்றின்போது நிகழும் இறப்புகளை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெயின் ஆகிய இருவரும் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் தாமதத்தை மூன்றாகப் பகுத்தனர். உதவியை நாடவேண்டும் என்று முடிவெடுப்பதில் நேர்வது முதலாவது. மருத்துவமனையைச் சென்றடைவதில் நேர்வது இரண்டாவது. சென்றடைந்தபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் நேர்வது மூன்றாவது. இப்பகுப்பு பின்னர் இந்தியப் பொதுச் சுகாதாரத் துறையின் பாடநூல்களிலும் அரசுப் படிவங்களிலும் நிலைபெற்றது. பின்னிரண்டு தாமதங்களுக்கும் வரலாறு எழுதுவது ஒப்பளவில் எளிது. சாலை, வண்டி, கட்டடம், மருத்துவர் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு ஆவணங்கள் உண்டு. முதல் தாமதமோ வீட்டுக்குள் நிகழ்வது. காத்திருந்தவர்கள் அதைப் பற்றி எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்களைக் குறைகூறியவர்களே எழுதினர்.

அவ்வாறு எழுதியோர் நூறாண்டுகளுக்கு மேலாகக் காட்டிய காரணம் பெரும்பாலும் 'அறியாமை' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. அந்த ஆவணங்களையே சற்று ஊன்றிப் படித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. வலி தொடங்கியும் உதவி நாடாமல் காத்திருந்தது பல இடங்களில் ஆராய்ந்து எடுக்கப்பட்ட முடிவாக இருந்தது; அம்முடிவை எடுத்தவர் பெரும்பாலும் நோவுற்ற பெண் அல்லள், அவளைச் சூழ்ந்த குடும்பம்; அம்முடிவுக்குரிய காரணங்களில் கணிசமானவற்றை மருத்துவமனையும் அரசுமே உண்டாக்கித் தந்தன. இக்கட்டுரை இம்மூன்றையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி அண்மைக்காலம் வரை பின்தொடர்ந்து ஆராய முற்படுகிறது.

அறிகுறியும் சொல்லும்

பேற்று நோவின் தொடக்க அறிகுறிகள் இயல்பிலேயே தெளிவற்றவை. அடிவயிறு இறுகித் தளர்வது, இடுப்பின் பின்புறம் மந்தமான வலி, கீழ்வயிற்றில் பாரம், சளிபோன்ற கசிவில் சிறிது உதிரம், பனிக்குட நீர் சிறுகச் சிறுக ஒழுகுவது ஆகியன அவை. இவற்றுள் ஒவ்வொன்றும் கருவுற்ற பெண்ணுக்கு வேறு காரணத்தாலும் தோன்றக்கூடும். நீர்க்கசிவைச் சிறுநீர் என்றும், இடுப்பு வலியை வேலைக் களைப்பு என்றும் கொள்வதில் வியப்பில்லை. தமிழ் வழக்கில் இந்த ஐயத்துக்கெனச் சொற்பகுப்பே உண்டு. பிரசவ வலி ஒன்று. சூட்டு வலி, பொய்வலி என்பன மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியச் சீரகமோ பிற கடைச்சரக்கோ இட்ட கஷாயத்தைக் கொடுத்துப் பார்ப்பது சிற்றூர்களின் பழக்கம். சூட்டு வலியாயின் அது அடங்கும், பேற்று வலியாயின் கூடும் என்பது நம்பிக்கை.

இதனை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மகப்பேற்று மருத்துவப் பாடநூல்களும் உண்மை வலி, பொய் வலி என்றே பகுக்கின்றன. வலியின் இடைவெளி குறைகிறதா, வலு கூடுகிறதா, கருப்பை வாய் விரிகிறதா என்று சிறிது நேரம் பார்த்திருப்பதே அங்கும் வழி. கருப்பை வாயைச் சோதிக்கும் கை பாட்டியிடம் இல்லை, கஷாயம் இருந்தது. காத்திருந்து அறிவது என்னும் முறை இரு தரப்புக்கும் பொதுவானது.

மாதம் நிறைந்த பெண்ணிடத்தில் இம்முறையால் பெரும்பாலும் தீங்கு விளைவதில்லை. 37 வாரம் நிறையுமுன் வலி தொடங்கும்போதுதான் அது பிழைக்கிறது. ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ இதே அறிகுறிகள் வந்தால், 'இன்னும் மாதம் ஆகவில்லையே' என்னும் எண்ணம் முந்திக்கொள்கிறது. வலியைப் பேற்று வலியாகக் காணவிடாமல் தடுப்பது அந்த எண்ணமே. வலி ஐயத்துக்கு இடமின்றி முற்றிய பிறகு அதைத் தணித்து நிறுத்தும் வாய்ப்பு மிகக் குறைவு.

மாதக் கணக்கு பற்றியும் ஒரு சொல் இங்குத் தேவை. பத்து மாதம் என்னும் மரபு வழக்கைச் சிலர் பிழையாகக் கருதுவர். 28 நாள் கொண்ட திங்கள் பத்தாயின் 280 நாளாகும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து மருத்துவர் எண்ணுவதும் அதே 280 நாளைத்தான். கணக்கில் குறை இல்லை. எண்ணிக்கை தொடங்கும் நாளை வாய்விட்டுச் சொல்வதற்குரிய சூழல் பல வீடுகளில் இல்லை என்பதே குறை. இந்த ஐயம் இருபத்தோராம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வுகளையும் எவ்வாறு இடறச் செய்தது என்பது பின்னர் விளங்கும்.

அந்தப்புரமும் ஆங்கில மருத்துவமும்

இந்தியப் பெண்களின் பேறுகாலத் துன்பம் அரசியல் கவனத்தைப் பெற்றது 1880களில். பன்னா சமஸ்தானத்து அரசிக்குச் சிகிச்சை அளித்த எலிசபெத் பீல்பி, இந்தியப் பெண்களின் நோய்த்துயரை விக்டோரியா அரசியிடம் தெரிவிக்கும்படி அவர் சொல்லியனுப்பிய செய்தியை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அரசப் பிரதிநிதி டஃபரின் பிரபுவின் மனைவி 1885இல் நிறுவிய, டஃபரின் நிதி என வழங்கும் அமைப்பு இதன் பின்விளைவு. அதே ஆண்டில் சென்னையில் மேரி ஷார்லீபின் முயற்சியால், சாதிக் கட்டுப்பாடும் கோஷா வழக்கமும் உடைய பெண்களுக்கென்று தனி மருத்துவமனை தொடங்கப்பட்டது. சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844 முதலே இருந்தது. இருந்தும் 41 ஆண்டுகளுக்குப் பின் இன்னொன்று தேவைப்பட்டது. கட்டடம் இருப்பதாலேயே பெண்கள் வந்துவிடுவதில்லை என்று அன்றே உணரப்பட்டதற்கு இது சான்று.

1903இல் கர்சன் பிரபுவின் மனைவி முன்னின்று விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியை ஏற்படுத்தினார். வடநாட்டில் 'தாயி' எனப்படும் பரம்பரை மருத்துவச்சிக்குப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். இந்நிதியின் சார்பில் 1918இல் இந்தியாவின் மகப்பேற்று நிலைமைகளை மேம்படுத்துவது குறித்து ஓர் அறிக்கை வெளியாயிற்று. பல மாகாணங்களிலும் பணிபுரிந்த மருத்துவர்களின் கூற்றுகள் அதில் தொகுக்கப்பட்டன. தாயி தன்னால் இயன்றதையெல்லாம் செய்து தோற்ற பிறகே தாங்கள் அழைக்கப்படுவதாக அவர்கள் திரும்பத் திரும்பக் கூறினர். தாயியின் அறியாமையும் அசுத்தமும், குடும்பத்தாரின் பிடிவாதமும் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

அம்மருத்துவர்கள் கண்டது பொய்யன்று. ஆயினும் அவர்கள் கண்டது ஒரு பகுதி மட்டுமே. தாயியின் கையில் நலமாக முடிந்த பேறுகள் அவர்கள் பார்வைக்கு வரவே இல்லை. தோற்றவை மட்டும் வந்தன. மறுபுறம், கடைசி நேரத்தில் கொண்டு செல்லப்பட்ட பெண்கள் மருத்துவமனையில் இறந்தபோது ஊரார் கண்ணுக்குத் தெரிந்தது மருத்துவமனை இறப்பு ஒன்றே. போனவள் திரும்பவில்லை என்னும் பேச்சு அடுத்த பெண்ணை மேலும் காக்கவைத்தது. மேலும் காத்திருந்தவள் மேலும் ஆபத்தான நிலையில் போய்ச் சேர்ந்தாள்.

இன்னொன்றையும் சேர்த்து நோக்குவது நேர்மையாகும். மருத்துவர் கைவழியாகவே பேற்றுக் காய்ச்சல் பரவுகிறது என்று வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இல் காட்டினார். அக்காய்ச்சலைக் குணப்படுத்தக்கூடிய சல்ஃபா மருந்துகள் 1930களின் நடுவில்தான் பயனுக்கு வந்தன. அதுவரை மருத்துவமனைப் பேறு வீட்டுப் பேற்றைவிட உறுதியாகப் பாதுகாப்பானது என்று ஐரோப்பாவிலேயே சொல்ல இயலவில்லை. வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தால் தாய் பிழைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அரிதாக இருந்தது. அந்நாளில் மருத்துவமனைக்கு அஞ்சிய குடும்பத்தை அறியாமை உடையது என்று தீர்ப்பிடுவதற்கு இடமே இல்லை.

திண்டிவனத்தில் 1890களில் நிகழ்ந்ததாக ஐடா ஸ்கடர் பலமுறை எடுத்துரைத்த நிகழ்ச்சி தமிழகத்தில் நன்கு அறியப்பட்டது. ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியே வந்து, நோவுற்றிருந்த தத்தம் மனைவியருக்கு உதவும்படி அவரை வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தை வருவார் என்று அவர் சொன்னபோது, ஆண் மருத்துவரை ஏற்க மறுத்துத் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். வேலூரில் 1902இல் எழுந்த மருத்துவமனைக்கும் 1918இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளிக்கும் இதுவே தோற்றுவாயாகக் கூறப்படுகிறது. இந்நிகழ்ச்சி வழக்கமாக மரபின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. வேறொரு கோணத்தில் பார்த்தால், அந்த மூவரும் இரவென்றும் பாராமல் உதவி தேடி வந்தவர்கள். அவர்கள் தேடிய உதவி, அதாவது பெண் மருத்துவர், அங்கு இல்லை. ஏற்றலும் மறுத்தலும் வாசலில் ஆண்களுக்கிடையே முடிந்தன. உள்ளே கிடந்த மூவரில் எவரேனும் 'யாராக இருந்தாலும் அழைத்து வாருங்கள்' என்று சொன்னாரா என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

உள்ளிருந்த குரல் எழுத்தில் கேட்கும் இடங்கள் மிகச் சில. ஆனந்திபாய் ஜோஷி அவற்றுள் முதன்மையானவர். 14 வயதில் தாம் பெற்ற குழந்தையைப் பத்து நாளில் இழந்தவர் அவர். 1883இல் சீராம்பூரில் ஆற்றிய உரையில், இந்தியாவுக்கு இந்துப் பெண் மருத்துவர்கள் தேவை என்பதைத் தாம் கடல் கடப்பதற்குரிய காரணமாக முன்வைத்தார். 1886இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் இந்துக்களின் மகப்பேற்று மருத்துவ மரபு. மறு ஆண்டே காலமானார். தாயியைப் பழித்தும் மரபை முற்றாகப் போற்றியும் பேசிய இரு தரப்புக்கும் இடையே ஒரு மூன்றாம் வழி அவரால் திறந்திருக்கக்கூடும்.

அவ்வழி திறக்கவில்லை. காதரின் மேயோ 1927இல் வெளியிட்ட 'மதர் இந்தியா' என்னும் நூல் தாயியை இந்தியாவின் இழிநிலைக்கு அடையாளமாக்கித் தன்னாட்சிக் கோரிக்கைக்கு எதிரான வாதமாகப் பயன்படுத்தியது. நாடெங்கும் எழுந்த மறுப்புகளில் தேசத்தின் மானமே பேசுபொருளாயிற்று. பிரசவ அறையில் கிடந்தவள் இரு தரப்பாருக்கும் சான்றுப்பொருளானாள்.

மருத்துவமனை என்னும் அச்சம்

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 இலட்சம் பெண்கள் மகப்பேறு தொடர்பாக இறப்பதாக மதிப்பிட்டது. விடுதலைக்குப் பின் 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கப்பட்டன. துணைச் செவிலியர் ஊர்களுக்கு வந்தனர். வீட்டு வாசலுக்கே உதவி வந்த நிலையில் முதல் தாமதம் குறைந்திருக்க வேண்டும். எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை வரலாற்று நூல்கள் குடும்பக் கட்டுப்பாடு என்னும் வேறு இயலில் வைத்துப் பேசுவதால், பேறுகாலத்துடனான அதன் தொடர்பு கண்ணுக்குப் படாமல் போகிறது.

1960களின் நடுவிலிருந்து குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் எண்ணிக்கை இலக்குகளால் இயக்கப்பட்டது. மாதத்துக்கு இத்தனை கருத்தடை என்னும் கணக்கு துணைச் செவிலியரின் தலைமேல் விழுந்தது. பிரசவம் பார்க்க வந்தவர் ஊரார் கண்ணுக்கு 'ஆபரேஷனுக்கு ஆள் பிடிப்பவர்' ஆனார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டில் மட்டும், அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அதன் அரசியல் விளைவுக்குப் பிறகு திட்டத்தின் பளு பெண்கள்மேல் சாய்ந்தது. பிள்ளை பெற்ற பெண் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் சில நாட்களே அறுவைக்கோ கருத்தடைச் சாதனத்துக்கோ உகந்த வேளை என்று நிருவாகம் கருதியது.

சிசிலியா வான் ஹாலன் 1995இல் தமிழ்நாட்டில் களப்பணி செய்து 2003இல் வெளியிட்ட 'பர்த் ஆன் தி திரஷோல்ட்' என்னும் நூல் இதற்குத் தக்க சான்று. அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அவர்களது உண்மையான ஒப்புதல் இன்றியே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதை அவர் பதிவு செய்கிறார். கையூட்டு, வசை, உறவினரை உள்ளே விடாமை ஆகியவற்றையும் அவர் சந்தித்த பெண்கள் கூறினர். அதே பெண்கள் நவீன மருத்துவத்தை வெறுத்தவர்களும் அல்லர். வலியை விரைவுபடுத்தும் ஊசியைத் தாமே கேட்டுப் பெற்றவர்களும் அவர்களிடையே உண்டு. வலி கூடினால் பேறு விரைவில் முடியும், மருத்துவமனையில் கிடக்கும் நேரம் குறையும் என்பதும் அந்த விருப்பத்தோடு இயைந்து நிற்கிறது. மருத்துவமனையை வேண்டாம் என்று சொல்லாமலே அங்கு இருக்கும் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளும் இந்த உத்தியை 'விழிப்புணர்வின்மை' என்னும் சொல்லுக்குள் எவ்வாறு அடக்குவது? 1996 ஏப்ரலில் இலக்கு முறையை மைய அரசு கைவிட்டது. ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்த அச்சத்தைக் கைவிடச் செய்யும் ஆணை எதுவும் இல்லை.

முதலில் யாரிடம் சொல்வது

வலி தொடங்கியதை அறிபவள் அப்பெண் ஒருத்தியே. அவள் வாய் திறந்து சொன்ன பிறகே மற்றவர் கணக்கு தொடங்கும். யாரிடம் சொல்கிறாள் என்பதில் வடக்கும் தெற்கும் வேறுபடுகின்றன.

பாட்ரிசியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி, ஆண்ட்ரூ லயன் ஆகியோர் உத்தரப் பிரதேசத்தின் மேற்கிலுள்ள பிஜ்னோர் மாவட்டச் சிற்றூர்களில் ஆய்ந்து 1989இல் வெளியிட்ட நூல், அங்குப் பேறு பெரும்பாலும் கணவன் வீட்டில் நிகழ்வதைக் காட்டுகிறது. பிறந்த வீட்டில் பெற்றோர் முன் பிள்ளை பெறுவது வெட்கத்துக்குரியதாகக் கொள்ளப்பட்டது. மருமகள் மாமியாரிடம் சொல்ல வேண்டும். மாமியார் தாயியை அழைப்பார். பணம் தேவைப்பட்டால் ஆண்களிடம் சொல்வார். கருவுற்றதும் நோவுறுவதும் 'ஷரம்' எனப்படும் நாணத்தின் எல்லைக்குள் வருவன. எனவே சொல்வதைத் தள்ளிப்போடுவது நல்ல மருமகளின் இலக்கணமும் ஆயிற்று. அந்த ஊர்களின் தாயியை மரபறிவின் காவலராகக் காணும் பார்வைக்கும் இந்நூல் இடம்தரவில்லை. கொடி அறுப்பதும் தீட்டைக் கழுவுவதுமே அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை; தாழ்ந்த சாதியைச் சேர்ந்த அவள் சொல்லுக்கு வீட்டில் எடை குறைவு. 'ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று அவள் சொன்னாலும் அது முடிவாகிவிடாது.

தெற்கில் தலைப்பிரசவம் தாய்வீட்டுக்கு உரியது. வளைகாப்பும் சீமந்தமும் முடிந்து ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணை அழைத்துச் செல்லும் வழக்கம், வலியை முதலில் கேட்கும் காதாகத் தாயின் காதை அமைத்துத் தருகிறது. இவ்வழக்கத்தின் உணர்ச்சி ஆழத்தைத் திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தலபுராணக் கதையில் காணலாம். நோவுற்ற மகளிடம் வந்துசேரவேண்டிய தாயைக் காவிரி வெள்ளம் தடுக்க, இறைவனே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தார் என்கிறது அக்கதை. மேற்கூறிய பகுப்பின்படி அது இரண்டாம் தாமதத்தின் கதை. ஆறு குறுக்கிட்டதே இடர். முதல் தாமதத்துக்குத் தலபுராணம் எதுவும் எழவில்லை.

தாய்வீட்டு வழக்கத்தைக் குறையற்றதாகக் கொள்ளவும் இயலாது. மகள் விருந்தினள் ஆகிவிட்ட வீடு அது. அறுவை செய்ய நேர்ந்தால் கணவன் வீட்டாரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளத் தயக்கம். செலவு யாருடையது என்ற பேச்சு வேறு. இரண்டாம் பேறு தொடங்கிக் கணவன் வீட்டிலேயே நிகழும்போது, முன்பே பெற்றவள்தானே, அவளுக்குத் தெரியாதா என்னும் எண்ணம் குறுக்கிடும். முதற்பேற்றில் நெடுநேரம் நீடித்த வலியை அளவாகக் கொண்டு இரண்டாவதற்கும் அவ்வளவு நேரம் இருப்பதாக மதிப்பிட்டு வழியிலேயே பெற்றவர்கள் பலர். இரண்டாம் பேறு பொதுவாக விரைந்து முடிவது.

2005க்குப் பின்

2005 ஏப்ரலில் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம், மருத்துவமனையில் பிள்ளை பெறுவோருக்கு ரொக்கம் வழங்கியது. ஊர்தோறும் 'ஆஷா' பணியாளர் நியமிக்கப்பட்டனர். அதே ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தில் 108 ஆம்புலன்சு சேவை தொடங்கிப் பிற மாநிலங்களுக்குப் பரவியது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளின்படி மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பேறுகள் 2005–06இல் 39 சதவீதம்; 2015–16இல் 79 சதவீதம்; 2019–21இல் 89 சதவீதம். பேறுகால இறப்பு விகிதம் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2004–06இல் 254ஆக இருந்தது, 2018–20இல் 97ஆகக் குறைந்தது. வரலாற்றில் இதற்கு இணையான விரைவு மாற்றம் இத்துறையில் இந்தியா கண்டதில்லை.

2005–06 ஆய்வில், மருத்துவ நிலையத்தில் பிள்ளை பெறாத பெண்களிடம் காரணம் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 72 சதவீதத்தினர் 'தேவைப்படவில்லை' என்றனர். செலவும் தொலைவும் அதற்குப் பின்னால்தான் வந்தன. இவ்விடை அறியாமைக்குச் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. பெரும்பாலான பேறுகள் இடரின்றி முடிகின்றன என்பது உண்மையாதலால், அப்பெண்கள் சொன்னது தம் அனுபவத்துக்கு மாறானதன்று. இடர் யாருக்கு வரும் என்று முன்னரே சொல்ல இயலாது என்பதுதான் மருத்துவத்தின் வாதம். அந்த வாதம் அவர்களிடம் எவ்வளவு தூரம் எடுத்துச் செல்லப்பட்டது என்பது வேறு கேள்வி.

எங்கே பெறுவது என்ற முடிவு மாறிவிட்ட பின் தாமதம் மறைந்துவிடவில்லை. எப்போது போவது என்ற முடிவுக்கு இடம் மாறியது. கூட்டம் நிறைந்த பிரசவ விடுதிகளில் கருப்பை வாய் போதிய அளவு விரியாத பெண்ணை, 'இன்னும் நேரம் இருக்கிறது, வலி வந்தபின் வா' என்று திருப்பி அனுப்புவது உண்டு. இதில் மருத்துவ நியாயமும் இல்லாமல் இல்லை. முன்கூட்டியே சேர்த்துக்கொண்டால் தேவையற்ற ஊசியும் அறுவையும் பெருகும் என்பர். ஆனால் வண்டிக்குக் கூலி கொடுத்து வந்து, அண்டை அயலார் பார்க்கத் திரும்பிச் செல்லும் குடும்பம் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே: அடுத்தமுறை ஐயத்துக்கு இடமின்றி முற்றிய பிறகே புறப்படுவது. முன்பு பாட்டியின் கஷாயம் செய்த வேலையை இங்கு மருத்துவமனையின் வாசலே செய்தது.

உள்ளே நடப்பதும் கணக்கில் சேர்கிறது. பிரசவ அறையில் வசையும் அடியும் இழிவும் நிகழ்வது இந்தியாவின் பல பகுதிகளிலும் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் இதுகுறித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. பெண்ணுடன் ஒரு துணையை அனுமதிப்பதையும் கண்ணியத்தோடு நடத்துவதையும் வலியுறுத்திய 'லக்ஷ்யா' திட்டம் 2017இல் மைய அரசால் கொண்டுவரப்பட்டது. தனியே கிடந்து ஏச்சுக் கேட்க வேண்டிய நேரத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு பெண்ணின் கையிலிருந்த ஒரே வழி, வலியை மறைத்து வீட்டில் இருப்பதாக இருந்தது. இதைத் தீர்க்கத் துண்டறிக்கையால் இயலாது.

குறைமாதமும் காலக்கணக்கும்

குறைமாதப் பேற்றைப் பொறுத்தவரை தாமதத்தின் பொருள் 1972இல் மாறியது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹவி ஆகிய இருவர், குறைமாத வலி கண்ட பெண்களுக்கு ஒருவகை ஸ்டீராய்டு ஊசி அளித்தால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதையும் இறப்பு குறைவதையும் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினர். ஊசியின் முழுப்பயன் கிட்ட ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அதுவரை, ஏழாம் மாதத்தில் இடுப்பு வலி என்று ஒரு நாள் முன்னதாக வந்தாலும் குழந்தைக்குச் செய்யக்கூடியது அதிகமில்லை. அதன்பின் அந்த ஒரு நாள் உயிரின் விலை பெற்றது. 2010ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் பிறந்த குறைமாதக் குழந்தைகள் ஏறத்தாழ 35 இலட்சம். உலகிலேயே மிகுதியான எண்ணிக்கை அது. ஆயினும் துணைச் செவிலியரும் இந்த ஊசியின் முதல் அளவைப் போடலாம் என்று மைய அரசு வழிகாட்டு நெறி வகுத்தது 2014இல்தான். கண்டுபிடிப்புக்கும் அதற்கும் இடைப்பட்ட 42 ஆண்டுகளை எந்தத் தாமதத்தில் சேர்ப்பது என்று மூவகைப் பகுப்பு கூறவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டே எதிர்பாராத முடிவொன்று வெளியாயிற்று. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் ஊர்ப்புறங்களில் இவ்வூசியைப் பரவலாக்கிப் பார்த்த பேராய்வில், சிறு குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. ஒட்டுமொத்தத்தில் பச்சிளம் குழந்தை இறப்பு சற்றுக் கூடியது. கருவின் மாதம் துல்லியமாகத் தெரியாமல், தேவையற்ற பலருக்கும் ஊசி போடப்பட்டதும், பிறந்த குழந்தையைப் பேணும் வசதி போதாமையும் காரணங்களாக ஆராயப்பட்டன. 2020இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, மாதத்தை அலகிட்டறியும் வசதியும் குழந்தைப் பராமரிப்பும் உள்ள மருத்துவமனைகளில் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தப்பட்டது. இறப்பு தெளிவாகக் குறைந்ததால் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெண்ணை 'உடனே வா' என்று அழைப்பதற்கு முன் எங்கே வரச்சொல்கிறோம் என்பதற்கு விடை வேண்டும் என்பது புலனாகிறது. கடைசி விலக்கின் நாளை யாரிடமும் சொல்லாத பெண்ணும், அதைக் கேட்டுக் குறித்துவைக்காத சுகாதார நிலையமும் இந்த ஆய்வுகளின் பின்புலத்தில் ஒருசேர நிற்கின்றன.

பேறுகால இறப்பு நேர்ந்த வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் முறையை மைய அரசு 2010இல் வகுத்தது. மூன்று தாமதங்களையும் இனங்காண்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. வலி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு அங்கு விடை சொல்பவர் கணவர், அல்லது மாமியார், அல்லது தாய். அவர்கள் சொல்லக்கூடியது தங்களிடம் சொல்லப்பட்ட நேரத்தை மட்டுமே. அதற்கு முன், எத்தனை மணி நேரம் அவள் அதைத் தனக்குள் வைத்திருந்தாள் என்பதை எழுதிக்கொள்ள விசாரிப்பவருக்கு வழியில்லை.